உதடுகளில் இட்ட சிலுவை

ஞாயிறு திருப்பலியில் நற்செய்தி வாசகம் தொடங்குமுன் நாம் எழுந்து நின்று, பெருவிரலால் நெற்றியிலும் உதடுகளிலும் நெஞ்சிலும் மூன்று சிறிய சிலுவைகளை இட்டுக்கொள்கிறோம். இறைவார்த்தை எமது சிந்தையில் பதியவும், எமது வாய் அதனை அறிக்கையிடவும், எமது இதயம் அதனைக் காத்துக்கொள்ளவும் வேண்டும் என்பதே அதன் பொருள் என்று சிறுபராயத்தில் மறைக்கல்வி ஆசிரியர் சொல்லித் தந்தது எம்மிற் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். கை பழகிவிட்டது, மனம் அங்கே நிற்பதில்லை. திருப்பலி முடிந்த ஒரு மணி நேரத்திற்குள், பங்கு மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் பரிமாறப்படும் வேளையில், அதே உதடுகள் வேறு அலுவலில் இறங்கிவிடுகின்றன. எவருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது, எவருக்கு மறுபடியும் ‘டுல்டுங்’ கடதாசி மட்டுமே நீட்டிக் கொடுக்கப்பட்டது, எவருடைய மகள் எவருடன் காணப்பட்டாள், எந்த வீட்டில் கணவனும் மனைவியும் முகம் பார்ப்பதில்லை என்பன யாவும் கோப்பை ஆறுவதற்குள் ஒரு சுற்று வந்துவிடும்.

இதனை நாம் வெளியில் நின்று எழுதவில்லை. அந்த மண்டபத்தில் நாமும் கோப்பையும் கையுமாக நின்றவர்களே. வாரத்தின் ஆறு நாட்களையும் உணவகச் சமையலறையிலோ துப்புரவு வேலையிலோ, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் வரும் கட்டளைகளைக் கேட்டுக் கழிக்கும் ஒருவருக்கு, ஏழாம் நாள் தன் மொழியில் வாய் நிறையக் கதைப்பது உணவைப் போன்றது. ஊரிலே விடுப்புக் கேட்பதை நாம் பெருங்குற்றமாக எண்ணியதுமில்லை. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அயலுக்குத் தெரியவந்தபடியால் அன்றிரவு பட்டினி தவிர்ந்த வீடுகள் பல. ஆகவே வாய் திறவாதிருங்கள் என்று உபதேசிக்க நாம் வரவில்லை. அண்மையில் நாம் அறிந்த ஒரு சம்பவமே எம்மை எழுதத் தூண்டியது. சம்பந்தப்பட்ட இளைஞரின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே அதனை இங்கு தருகிறோம். பெயரையும் ஊரையும் தரமாட்டோம் என்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜேர்மனியில் தஞ்சம் கோரியிருந்த அந்த இளைஞர், விசாரணைக்கு முன் தமது உடலிலுள்ள தழும்புகளுக்கு மருத்துவச் சான்று பெற வேண்டியிருந்தது. மொழி தெரியாதபடியால், செபக் கூட்டத்தில் அறிமுகமான ஓர் அக்காவைத் துணைக்கு அழைத்துச் சென்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் வாழும் அந்த அக்கா, எவர் அழைத்தாலும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடிச் செல்பவர். தடுப்புக்காவலில் தமக்கு நேர்ந்ததை இளைஞர் அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். ஊரிலுள்ள தாயாருக்குக்கூட அதனைச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு விட்டுவிட்டார்கள், அடிக்கவில்லை என்றே தாயாரிடம் கூறியிருந்தார். அந்த ஒரு சொல்லின்மேல் தலைவைத்துத்தான் அந்தத் தாய் உறங்கிக்கொண்டிருந்தார். அது பொய்தானே என்று கேட்பவர்கள் இறையியலாளரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அதற்குத் தீர்ப்புச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு அக்காவுக்கு உறக்கம் வரவில்லை. அந்த வாரச் செபக் கூட்டத்தில் கண்ணீரோடு, பெயரையும் சொல்லி, அந்தத் தம்பி பட்ட பாட்டை எடுத்துரைத்து, அவருக்காக மன்றாடும்படி கேட்டுக்கொண்டார். பதினொரு பேர் இருந்தார்கள். எல்லோரும் உருகிச் செபித்தார்கள். மூன்றாம் நாள் தாயாருக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அனுதாபம் தெரிவிக்கவே ஒருவர் ஊருக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். தாயார் மகனை அழைத்துக் கேட்டது ஒன்றுதான்: “ஊரெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்கு ஏன்ரா சொல்லேல்லை?” அதன்பின் பல நாட்கள் அவர் சோறு உண்ணவில்லை. இளைஞர் தமது தொலைபேசி இலக்கத்தை மாற்றினார். செபக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஆலயத்தின் பக்கமும் வரவில்லை.

“அவனுக்காகச் செபிக்கத்தானே சொன்னனான்,” என்று அக்கா எம்மிடம் அழுதார்.

இங்கே பொய் சொன்னவர் எவருமில்லை. பகைமையும் இல்லை, பொறாமையும் இல்லை. சொல்லப்பட்டவை அனைத்தும் உண்மை. அப்படியிருந்தும் ஒரு தாயின் உறக்கமும் ஒரு மகனின் ஆலயமும் ஒரே கிழமையில் பறிபோயின. உண்மையைத்தானே சொன்னோம் என்ற சமாதானம் எம்மவர் மத்தியில் மிகவும் வலுவானது. திருச்சபை அந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை என்பதைப் பலர் அறியார்.

1992 ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பொய்ச்சான்று கூறாதிருக்கும்படி பணிக்கும் எட்டாம் கட்டளையை விளக்கும் இடத்தில், பிறர் நற்பெயருக்கு எதிரான மூன்று குற்றங்களை வேறுபடுத்துகிறது. போதிய ஆதாரமின்றி ஒருவரிடம் குறை இருப்பதாக மனதுக்குள் முடிவுகட்டுவது ஒன்று. இல்லாததைச் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் குற்றமென்று ஒப்புக்கொள்ள எவரும் தயங்கமாட்டார்கள். நடுவில் நிற்கும் குற்றமே எம்மை இடறச் செய்வது: ஒருவரிடம் உண்மையாகவே உள்ள குறையை, தக்க காரணமின்றி, அதை அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவது. உண்மை என்பது அங்கே தப்பிச் செல்லும் வாசல் ஆகாது. குறையைப் பற்றியே இவ்வளவு கண்டிப்பு என்றால், அந்த இளைஞர் அனுபவித்தது குறைகூட அன்று, காயம்; காயத்தைத் திறந்து காட்டும் உரிமை காயப்பட்டவருக்கே உண்டு. அங்கிலிக்கன், மெதடிஸ்த சகோதரர்கள் இதே கட்டளையை ஒன்பதாவதாக எண்ணுவர். லூத்தரன் சபையார் எம்மைப் போல் எட்டாவதாகவே கொள்வர். மார்ட்டின் லூத்தர் 1529 இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், அயலானைக் காட்டிக்கொடாமலும் தூற்றாமலும் இருப்பதோடு நின்றுவிடாது, அவனுக்காகப் பரிந்து பேசவும் வேண்டும் என்கிறார். எண்ணிக்கையில் வேறுபட்டாலும் பொருளில் ஒருவருக்கொருவர் முரண்படவில்லை. ஞானோபதேசத்தைக் கையில் எடுக்காத எமது முன்னோரும் திருக்குறளின் 19 ஆம் அதிகாரத்தில் புறங்கூறாமையையும் 20 ஆம் அதிகாரத்தில் பயனில சொல்லாமையையும் அடுத்தடுத்து மனனம் செய்தவர்களே.

கிறிஸ்தவர்களாகிய எமக்கென்றே இதில் ஒரு தனிவாசல் இருக்கிறது. மற்றவர்கள் விடுப்பை விடுப்பென்றே சொல்லிப் பரிமாறுவார்கள். நாமோ அதற்குச் செபக் குறிப்பு என்று பெயரிட்டு விடுகிறோம். “வெளியில சொல்லிப்போடாதேங்கோ, செபிக்கிறதுக்காகத்தான் சொல்லுறன்,” என்று குரல் தாழும்போதே கேட்பவரின் காது நிமிர்ந்துவிடும். எங்கள் தேவைகளை நாம் கேட்குமுன்னரே விண்ணகத் தந்தை அறிவார் என்று மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறியிருக்கிறார். அறிந்தவருக்கு நாம் பெயரும் விலாசமும் வழக்கு இலக்கமும் கொடுத்துக்கொண்டிருப்பது யாருக்காக? துன்பத்தில் இருக்கும் ஒரு சகோதரருக்காக மன்றாடுவோம் என்று சொன்னால் போதாதா? தொலைபேசி அட்டையின் நிமிடங்கள் கண்முன்னே கரைந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒரு சிக்கனமாவது இருந்தது. இன்று வட்ஸ்அப் செபக் குழுவில் விடப்படும் ஒரு குரற்பதிவு, ஆமென் சொல்லி முடிப்பதற்குள் ரொறன்ரோவையும் லண்டனையும் கடந்து ஊர்க் கிணற்றடிக்கு வந்துவிடுகிறது.

புதிய ஏற்பாட்டில் நாவைப் பற்றி மிகக் கடுமையாக எழுதியவர் யாக்கோபு. மூன்றாம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்: குதிரையின் வாயில் இடும் கடிவாளம், பெருங்கப்பலைத் திருப்பும் சிறு சுக்கான், காட்டை எரிக்கும் சிறு பொறி. அந்தத் திருமுகம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை மட்டும் நாம் கவனிப்பதில்லை. முதல் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அது இருக்கிறது. தமது நாட்டுக்கு வெளியே சிதறி வாழும் பன்னிரு குலத்தாருக்கே யாக்கோபு வாழ்த்துக் கூறுகிறார். சொந்த ஊரில் வேரூன்றி வாழ்பவர்களுக்குச் சொல் இழப்பைத் தரலாம். எனினும் அவர்களுக்கு நிலமும் உறவும் மிஞ்சும். சிதறுண்டவர்களுக்கு ஒருவரை ஒருவர் நம்பும் நம்பிக்கையைத் தவிர வேறு சொத்து இல்லை. அதில் பொறி விழுந்தால் அணைப்பதற்கு அயலும் இல்லை.

ஒரு சொல்லின் விலையை எமது இனத்துக்குப் பிறர் வந்து கற்பிக்கத் தேவையில்லை. சுற்றிவளைப்பின்போது மைதானத்திலும் பள்ளிக்கூட வளவிலும் வெயிலில் வரிசையாக நிறுத்தப்பட்டவர்கள் எம்மில் பலர். முகத்தை மூடிய ஒருவர் முன்னால் நாம் ஒவ்வொருவராக நடந்தோம். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தலையை அசைத்தார், அவ்வளவே. அந்த அசைவில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பாமற் போயினர் என்பதை அவர்களின் தாய்மார் அறிவர். தலையாட்டி என்ற சொல்லை இன்றும் நாம் வெறுப்போடுதான் உச்சரிக்கிறோம். அவரில் சிலர் சித்திரவதைக்கு அஞ்சித் தலையாட்டியவர்கள். நாம் எந்த நிர்ப்பந்தமும் இன்றித் தலையாட்டுகிறோம் என்று எழுதினால் வாசகர்களுக்குக் கோபம் வரலாம். எழுதும் எமக்கும் அது இலகுவாக இல்லை.

ஆயினும் இங்குள்ள நிலைமையைப் பாருங்கள். ஒருவர் எந்த வழியாக வந்தார் என்பது பயணக் கதை போலத் தோன்றும். 1990 இல் கையெழுத்தாகி 1997 இல் நடைமுறைக்கு வந்த டப்ளின் உடன்படிக்கைக்குப் பின்னர், ஐரோப்பாவில் முதலில் எந்த நாட்டில் காலடி வைத்தார் என்பது ஒருவர் எங்கே இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகளில் ஒன்றாகிவிட்டது. ஜேர்மனியில் 1993 இல் அரசியற் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, பாதுகாப்பானதெனக் கருதப்படும் நாடொன்றின் வழியாக வந்தவர் அச்சட்டம் தரும் தஞ்ச உரிமையைக் கோர முடியாது. அயல்நாடுகள் யாவும் அவ்வாறே கருதப்படுகின்றன. அந்த மனிதர் தமது பயணத்தை அதிகாரியிடம் எவ்வாறு எடுத்துரைப்பார் என்பது அவரது மனச்சாட்சிக்கும் வழக்கறிஞருக்கும் உரிய விடயம். ரயில் நிலையத்தில் நின்று அதனைப் பேசுவதற்கு எமக்கு யாதொரு அலுவலும் இல்லை.

எமது சொந்த வாய்க்கும் இதே கட்டளை உண்டு. பயண முகவர் விற்ற கதையை விசாரணையில் ஒப்புவித்தவர்கள், இரண்டாம் விசாரணையில் முன்னுக்குப்பின் முரணாகி, தமக்கு உண்மையாகவே நேர்ந்த கொடுமையையும் நம்பப்படாததாக்கிக்கொண்டதை நாம் கண்டிருக்கிறோம். ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்று பேசும்படி மலைப்பொழிவில் ஆண்டவர் கேட்டது அந்த மேசைக்கும் பொருந்தும். பயத்தில் பேசியவர்களை நாம் பழிக்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு வேறொன்று. “உதெல்லாம் பொய்க் கேஸ்,” என்று எண்பதுகளில் வந்து இன்று குடியுரிமையோடு வாழும் எம்மவர் சிலர் பிந்தி வந்தவர்களைப் பற்றிக் கூசாமற் சொல்கிறார்கள். 2009 இல் யுத்தம் முடிந்துவிட்டதே, இனி ஏன் வருகிறார்கள் என்று கேட்கிறார்கள். எந்த அறையில் எவருக்கு என்ன நடந்தது என்பதை அவர்கள் பார்த்ததில்லை. முன்னர் நாம் வந்தபோது எங்களைப் பற்றியும் வெள்ளையர் இதையே சொன்னார்கள் என்பதை ஏனோ மறந்துவிட்டார்கள்.

மொழிபெயர்க்கச் செல்பவர்களின் நிலை தனியாகச் சிந்திக்கத்தக்கது. மருத்துவரும் வழக்கறிஞரும் இரகசியம் காக்கச் சட்டத்தாற் கட்டுண்டவர்கள். துணைக்குப் போகும் அண்ணருக்கோ அக்காவுக்கோ அப்படியொரு கட்டும் இல்லை. மனச்சாட்சி மட்டுமே உண்டு. தென்ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் பழைய பாலங்களைக் கடக்கும்போது, தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்களோடு நிற்கும் ஒரு குருவானவரின் சிலையை வாசகர்கள் கண்டிருப்பார்கள். சில சிலைகளில் விரல் உதட்டின்மேல் இருக்கும். அவர் நெபோமுக் யோவான். 1393 இல் பிராக் நகரில் மன்னன் நான்காம் வென்செஸ்லாசின் ஆணையால் ஆற்றில் எறிந்து கொல்லப்பட்டவர்; 1729 இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அரசியின் பாவசங்கீர்த்தனத்தை வெளியிட மறுத்ததே காரணம் என்பது மரபு. ஒரு மடத்து அதிபர் நியமனம் தொடர்பான தகராறே காரணம் என்பர் வரலாற்றாசிரியர்கள். எது எவ்வாறாயினும், மக்கள் பாலந்தோறும் அவரை நிறுத்தி வைத்தது, கேட்டதைத் தன்னோடு வைத்திருக்கும் ஒருவர் தங்களுக்கும் வேண்டும் என்ற ஏக்கத்தினால் அல்லவா? எமது சமூகத்தில் அந்த இடத்தில் நிற்பவர்கள் மொழி தெரிந்த அக்காமாரே. பல வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைகள்கூட அங்கே நிற்கிறார்கள். தாயின் நோயையும் தந்தையின் கடனையும் அதிகாரியிடம் எடுத்துச் சொல்லும் பிள்ளை, இரவுச் சாப்பாட்டில் நாம் பிறர் இரகசியங்களைச் சிரித்துப் பேசுவதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தன் வீட்டு இரகசியத்தை வெளியில் எப்படிக் கையாள வேண்டும் என்பதை அது அங்கேயே கற்றுக்கொள்கிறது.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாது விட்டால் நாம் பெருந்தீங்கு செய்தவர்களாவோம். நாவைக் காத்தல் என்ற பெயரில் அநியாயத்தைக் காக்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. அடிவாங்கும் பெண்ணிடம், குடும்பத்துக் கதை வெளியில் போகக்கூடாது, பொறுத்துக்கொள் பிள்ளை என்று சொன்ன மூப்பர்களை நாம் அறிவோம். அவர்களில் சிலர் வேதபுத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்கள். ஜேர்மனியக் கத்தோலிக்க ஆயர்கள் செய்வித்து 2018 இல் வெளியான ஆய்வு, 1946 முதல் 2014 வரையான கோப்புகளிலிருந்து 1,670 குருக்கள், துறவிகள், திருத்தொண்டர்கள் மீது சிறுவர் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டுக்கள் இருந்ததையும், 3,677 சிறுவர் பாதிக்கப்பட்டதையும் வெளிக்கொணர்ந்தது. எத்தனையோ பேர் திருச்சபையின் நற்பெயரைக் காப்பதாக எண்ணிக்கொண்டு வாயை மூடியிருந்தார்கள். அது புண்ணியமாக இருக்கவில்லை. சீட்டுப் பணத்தோடு ஏற்கெனவே ஒருமுறை தலைமறைவானவர் மறுபடியும் ஆள் சேர்க்கிறார் என்றால், பணம் கட்டப் போகிறவருக்கு அதனைச் சொல்ல வேண்டும். பெண் கொடுக்கப் போகிற வீட்டார், மாப்பிள்ளை முன்னர் மணமுடித்தவரா என்று நேராகக் கேட்டால், அறிந்தவர் மழுப்பக் கூடாது. மறைக்கல்வி நூல் சொல்லும் தக்க காரணம் என்பது இதுதான். கேட்பவருக்கு அது தேவையா, சொல்லாவிட்டால் எவருக்கேனும் தீங்கு வருமா என்று பார்த்தால், மண்டபத்தில் நாம் பேசுபவற்றில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கெடுக்க வேண்டியதுமில்லை. குற்றம் செய்தவனிடம் முதலில் தனியே போய்ப் பேசும்படி மத்தேயு 18 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வகுத்த ஒழுங்கையும் நாம் தலைகீழாக்கிவிட்டோம். ஊர் முழுவதற்கும் சொல்லி முடித்த பின்னரே அந்த மனிதரின் காதுக்கு அது போகிறது.

ஹிப்போவின் ஆயராக இருந்த புனித அகுஸ்தீனார் தமது உணவு மேசையில், அங்கே இல்லாதவர்களைக் குறைகூறுவோருக்கு அந்த மேசையில் இடமில்லை என்ற கருத்துப்பட ஒரு கவிதையைப் பொறித்து வைத்திருந்ததாக அவரது சீடரும் ஆயருமான பொசீதியூஸ் எழுதிய வரலாறு கூறுகிறது. ஒருமுறை நெருங்கிய நண்பர்களான ஆயர்களே அதனை மறந்து பேசியபோது, ஒன்றில் இந்த வரிகளை அழிக்க வேண்டும், அல்லது நான் எழுந்து என் அறைக்குப் போகவேண்டும் என்றாராம். ஆயர்களுக்கே அது வேண்டியிருந்தது என்பது எமக்கு ஓரளவு ஆறுதல்.

அக்காவின் கதைக்கு மீள்வோம். பாவசங்கீர்த்தனம் செய்வதோடு இது தீராது, கெடுத்ததை இயன்றவரை சீர்செய்யவும் வேண்டும் என்று குருவானவர் அவரிடம் சொன்னார். பிறர் நற்பெயருக்குச் செய்த தீங்குக்கு ஈடு செய்யும் கடமையை மறைக்கல்வி நூலும் வலியுறுத்துகிறது. அக்கா முதலில் இளைஞரின் தங்குமிடத்துக்குத் தனியே சென்றார். “தம்பி, அது உங்கட கதை. நான் சொல்லியிருக்கக் கூடாது,” என்றார். செபத்துக்காகத்தான் என்ற வார்த்தையை அன்று அவர் சொல்லவில்லை. இளைஞர் ஒன்றும் பேசவில்லை. பின்னர் அந்தப் பதினொரு பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, எனக்குச் சொல்ல உரிமையில்லாததைச் சொல்லிவிட்டேன், நீங்கள் அதை மேலே கொண்டு போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். இருவர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர், தாயாருக்குத் தொலைபேசி எடுத்தது தாமே என்று அழுதபடி ஒப்புக்கொண்டார். ஊரிலுள்ள தாயாரிடம் பேச அக்காவுக்குத் துணிவு வர இரண்டு மாதங்கள் சென்றன.

இளைஞர் இப்போதும் செபக் கூட்டத்துக்கு வருவதில்லை. சில ஞாயிறுகளில் பின்வரிசையில் நின்று திருப்பலி கண்டுவிட்டு, மண்டபத்துக்கு வராமல் நேரே போய்விடுகிறார். அக்காவின் வீட்டுக்கு மட்டும் இடையிடையே வருவார். தேநீர் குடித்துவிட்டு, அதிகம் பேசாமல் எழுந்து போவார்.